மகாபாரதத்திலிருந்து கதை எழுத நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாரதம் படிக்கத் தொடங்கியதிலிருந்து, படிக்க மட்டும் வருகிறவர்களைவிட எழுதும் ஆசையோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சிறுகதை, நாடகம், குறும்படம், சிறார் கதை என்று ஆளுக்கொரு ஆசை. ஆனால் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கொடுத்திருக்கிறேன். தொடக்கக் கேள்விகள் முதலில்; போகப் போகச் சிக்கலானவை வரும்.

மகாபாரதத்தை வீட்டுல வெச்சுப் படிச்சா சண்டை வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் நம் ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மழை பொய்த்தால் விராட பருவம் வாசிக்க வைப்பது நம் ஊர்களில் இருந்த பழக்கம். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நாள்கணக்கில் நடக்கின்றன. ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நடத்துகிறார்கள். தாராளமாக வீட்டில் வைத்துப் படியுங்கள்.

முழுசா படிச்சாத்தான் அதிலேருந்து கதை எழுத முடியுமா?

வேண்டியதில்லை. பதினெட்டுப் பருவம், மரபுக் கணக்குப்படி ஒரு லட்சம் சுலோகம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று உட்காருகிறவர்கள் பலரும் ஆதிபருவத்துக் குலவரிசையிலேயே நின்றுபோகிறார்கள். மொத்தக் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஐந்தாறு அத்தியாயம் சேர்த்து, வரி விடாமல் படியுங்கள்.

எதை எடுப்பது என்று கேட்டால் சபாபருவத்துச் சூதாட்டத்தைச் சொல்வேன். ஒரே மண்டபம், முக்கியமான ஆட்கள் எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். தருமன் திரௌபதியைப் பணயம் வைத்ததும் என்ன நடக்கிறது பாருங்கள். பெரியவர்கள் 'சீ, சீ' என்கிறார்கள். பீஷ்மருக்கும் துரோணருக்கும் கிருபருக்கும் வியர்க்கிறது. விதுரர் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுகிறார். பார்வையில்லாத திருதராஷ்டிரன் மட்டும் மகிழ்ச்சியை அடக்க முடியாமல் 'ஜெயித்தாயிற்றா, ஜெயித்தாயிற்றா' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். அந்த ஒரு கேள்வியில் அவனுடைய வாழ்நாள் முழுக்கத் தெரிகிறது. சுருக்கமான பாரதத்தில் இப்படிப்பட்ட வரிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. எழுதப் போகிறவருக்கு வேண்டியது அவைதான்.

எதைப் படிக்கிறது? தமிழ்ல முழுசா கிடைக்குதா?

கிடைக்கிறது. ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பித்த உரைநடை மொழிபெயர்ப்பைக் கும்பகோணம் பதிப்பு என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது. நடை கொஞ்சம் பழசு, பழகிவிட்டால் ஓடும். கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைச் செ. அருட்செல்வப்பேரரசன் முழுதாகத் தமிழாக்கி, இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார். கைபேசியில் படிப்பவர்களுக்கு அது வசதி. கதையோட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ள மட்டும் ராஜாஜியின் 'வியாசர் விருந்து' போதும்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. புணேயிலுள்ள பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919-ல் தொடங்கி 1966-ல் ஓர் ஆய்வுப் பதிப்பை முடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு, எது எல்லா மரபுகளுக்கும் பொதுவாக இருக்கிறது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். உங்களுக்குப் பிடித்த காட்சி எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

டிவியில தொடரா பார்த்திருக்கேன். அது போதாதா?

ஆட்களின் பெயரும் உறவுமுறையும் தெரிந்துகொள்ளப் போதும். எழுதப் போதாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்திரப்பிரஸ்தத்து மாய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுகிறான், திரௌபதி சிரித்து 'குருடன் மகன் குருடன்தான்' என்கிறாள், அதனால் போர் வந்தது. இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆய்வுப் பதிப்பில் அந்த வசனமே கிடையாது. கதைசொல்லி அந்தக் காட்சியைச் சொல்லும்போது சிரிப்பவர்கள் பீமனும் அர்ஜுனனும் இரட்டையரும் வேலைக்காரர்களும்தான். திரௌபதியின் பெயர் அந்த இடத்தில் வரவில்லை.

பிறகு ஊர் திரும்பிய துரியோதனன் அப்பாவிடம் புலம்பும்போதுதான் அவள் வருகிறாள். கிருஷ்ணனும் அர்ஜுனனும் சிரித்தார்கள், திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள், என் மனசு புண்பட்டுப்போயிற்று என்கிறான். அவள் நிஜமாகவே சிரித்தாளா, இவன் மனசு சேர்த்துக்கொண்டதா? பாரதம் அதைச் சொல்லவில்லை. இரண்டு சொல்லலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவமானப்பட்டவன் அந்த நிகழ்ச்சியைத் தனக்குள் எப்படிப் பெரிதாக்கிக்கொள்கிறான் என்று எழுத விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை. தொடரில் இது ஒரே வசனமாகச் சுருங்கிவிடுகிறது, பழியும் முழுக்க ஒரு பெண் தலையில் விழுகிறது.

எல்லாருக்கும் முடிவு தெரிஞ்ச கதை. யார் படிப்பாங்க?

பாரதத்தைச் சொன்னவர்களுக்கே இந்தக் கவலை இருந்ததில்லை. போர்ப் பருவங்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். பீஷ்ம பருவத்தில் பத்தாம் நாள் போர் முடிந்ததும் சஞ்சயன் களத்திலிருந்து ஓடிவந்து 'பீஷ்மர் விழுந்துவிட்டார்' என்று திருதராஷ்டிரனிடம் முதலில் சொல்லிவிடுகிறான். அப்புறம்தான் முதல் நாளிலிருந்து விவரம். துரோணர், கர்ணன், சல்லியன் எல்லாருக்கும் இதே முறைதான். சாவுச் செய்தி முன்னால், கதை பின்னால்.

இதனால் கேட்பவர் மனசு 'என்ன ஆகும்' என்பதை விட்டுவிட்டு 'எப்படி இந்த நிலைக்கு வந்தது' என்பதில் நிற்கிறது. அதோடு, கேட்பவனே ஒரு பாத்திரம். மகன்கள் ஒவ்வொருவராகச் சாவதைக் கேட்டுக்கொண்டே, 'அடுத்து என்ன?' என்று கேட்காமலும் இருக்க முடியாத ஓர் அப்பா. முடிவை மறைத்து வைத்துக் கடைசியில் திடுக்கிட வைக்கும் உத்தியை மட்டுமே நம்பி எழுதுகிறவர்கள் இந்த ஒரு முறையை முயன்று பார்க்க வேண்டும். கடைசிப் போர்க்களக் காட்சியான படுகளத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்தேதான் ஊர் முழுக்க விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறது.

கருவை எங்கேருந்து எடுக்கிறது? பெரிய கதையெல்லாம் ஏற்கெனவே எழுதிட்டாங்களே?

பாரதம் ஒருவரைப் பற்றி இரண்டே வரி சொல்லிவிட்டு நகர்கிற இடத்தில் எடுங்கள். அரக்கு மாளிகை எரிந்த இரவை நினைத்துப் பாருங்கள். அன்று குந்தி விருந்து வைக்கிறாள். ஒரு வேடுவப் பெண் தன் ஐந்து பிள்ளைகளோடு சாப்பிட வருகிறாள். குடித்துவிட்டு அங்கேயே அசந்து தூங்குகிறார்கள். பாண்டவர்கள் தீ வைத்துவிட்டுச் சுரங்கம் வழியாகத் தப்பிக்கிறார்கள். மறுநாள் சாம்பலில் ஆறு உடல்களைப் பார்த்த ஊர், குந்தியும் ஐந்து மகன்களும் செத்துவிட்டார்கள் என்று அழுகிறது. அந்த அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பெயர்கூடக் கிடையாது. அவர்களைத் தேடிக்கொண்டு யாராவது வந்திருப்பார்களா? கதை அங்கே இருக்கிறது.

இப்படி நிறைய உண்டு. நூறு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை துச்சலை. அவள் கணவன் ஜயத்ரதனை அர்ஜுனன் கொல்கிறான். பல வருடம் கழித்து அசுவமேதக் குதிரையோடு அதே அர்ஜுனன் சிந்து நாட்டுக்கு வருகிறான் என்று கேட்டதுமே அவள் மகன் சுரதன் விழுந்து உயிரை விடுகிறான். அவள் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போர்க்களத்துக்கு வந்து அர்ஜுனன் முன்னால் நிற்கிறாள். வில்லைக் கீழே போட்டுவிட்டு அவன் தலைகுனிகிறான். அதன்பிறகு அவர்கள் என்ன பேசியிருப்பார்கள்?

யுயுத்சு இன்னொருவன். திருதராஷ்டிரனுக்கு வைசியப் பெண் வயிற்றில் பிறந்தவன். முதல் நாள் போர் தொடங்கும்முன் அணி மாறிப் பாண்டவர் பக்கம் வருகிறான், அப்பாவின் மகன்களில் உயிரோடு மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். எல்லாம் முடிந்தபின் திருதராஷ்டிரனும் அவனும் ஒரே அரண்மனையில் இருந்திருக்கிறார்கள். அப்புறம் ருக்மி, ருக்மிணியின் சகோதரன். பெரிய படையோடு வந்து 'உனக்குப் பயமாக இருந்தால் நான் உதவுகிறேன்' என்று அர்ஜுனனிடம் சொல்லி மறுக்கப்பட்டு, துரியோதனனிடம் போய் அங்கேயும் மறுக்கப்பட்டு, வீடு திரும்பியவன். உலகமே சண்டை போட்ட பதினெட்டு நாளும் அவன் தன் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தான்?

கர்ணனைப் பத்தி எழுதணும்னு ஆசை. ஆனா எல்லாரும் எழுதிட்டாங்க. விட்டுடலாமா?

விட வேண்டாம், பெரிய காட்சிகளை மட்டும் விடுங்கள். கவச குண்டல தானம், குந்தியோடு சந்திப்பு, தேர்ச்சக்கரம் புதைந்தது எல்லாம் தேய்ந்துபோன பாதைகள். ஆதிபருவத்தில் இளவரசர்கள் வில்வித்தை காட்டும் அரங்கேற்றத்தில் ஓர் இடம் இருக்கிறது. துரியோதனன் அங்கேயே கர்ணனுக்கு அங்க நாட்டு முடி சூட்டுகிறான். அபிஷேகத் தண்ணீர் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும்போது, அவனை வளர்த்த தேரோட்டி அதிரதன் உள்ளே வருகிறான். வியர்வை, நடுக்கம், கையில் கோல், மேல்துணி நழுவுகிறது. அப்பாவைப் பார்த்ததும் கர்ணன் வில்லை வைத்துவிட்டு ஈரத்தலையோடு அவன் காலில் விழுகிறான். அதிரதனோ பதறிப்போய்த் தன் கால்களைத் துணியால் மூடிக்கொள்கிறான். பிறகு 'மகனே' என்று அணைத்து, ஏற்கெனவே நனைந்திருந்த தலையைக் கண்ணீரால் இன்னொரு முறை நனைக்கிறான்.

அந்தக் கால்களை ஏன் மூடினான்? ராஜாவாகிவிட்ட பிள்ளை தேரோட்டியின் காலில் விழுவதை ஊர் பார்க்கக் கூடாது என்றா, தனக்கே கூச்சமா? அடுத்த நிமிடமே பீமன் 'போய்ச் சாட்டையை எடு' என்று கேலி செய்கிறான். அப்பா வராமல் இருந்திருந்தால் அந்தக் கேலி வந்திருக்காது. இதை அதிரதன் அன்று இரவு மனைவி ராதையிடம் எப்படிச் சொல்லியிருப்பான்? ஒரு நல்ல சிறுகதைக்கு இவ்வளவே போதும்.

குழந்தைகளுக்குக் கதை எழுதுறேன். போரும் கொலையுமா இருக்கே?

கிளைக்கதைகளுக்குப் போங்கள். காண்டவ வனம் எரியும்போது ஜரிதை என்ற தாய்ப்பறவை, சிறகு முளைக்காத நான்கு குஞ்சுகளோடு மாட்டிக்கொள்கிறது. எலி வளைக்குள் ஒளிந்துகொள்ளுங்கள், மேலே மண்ணால் மூடிவிடுகிறேன் என்கிறது. உள்ளே எலி இருக்கும், அது தின்று சாவதைவிட நெருப்பே மேல் என்கின்றன குஞ்சுகள். அந்த எலியைப் பருந்து தூக்கிப்போனதைப் பார்த்தேன் என்கிறது தாய். வேறு எலி இருந்தால்? என்று வாதம் தொடர்கிறது. காடு எரியும் நேரத்தில் வீட்டுச் சண்டை! குழந்தைகள் இதை ரசித்துக் கேட்பார்கள். குஞ்சுகள் பிழைத்தும் விடுகின்றன.

அசுவமேத பருவத்தில் பாதி உடம்பு பொன்னான கீரி வருகிறது, வன பருவத்தில் மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதர் வருகிறார். இரண்டையும் நீதிக்கதையாக இளைக்காமல் விவரத்தோடு சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

யார் பார்வையில கதையைச் சொல்றது?

அந்தக் காட்சியில் யாருக்குப் போக வேறு வழியில்லையோ அவர் பார்வையில். சூதாட்ட மண்டபத்தில் பிராதிகாமி என்று ஓர் ஏவலாள் இருக்கிறான். திரௌபதியை அழைத்து வர முதலில் அனுப்பப்படுகிறவன் அவன்தான். 'அந்தச் சூதாடியிடம் போய்க் கேள், முதலில் தோற்றது உன்னையா, என்னையா?' என்று அவள் திருப்பி அனுப்புகிறாள். அவன் வந்து நிறைந்த சபையில் ராஜாவிடம் அதைக் கேட்கிறான். தருமன் பதில் சொல்லவில்லை. துரியோதனன் மறுபடியும் அனுப்புகிறான், அவள் மறுபடியும் கேள்வியோடு அனுப்புகிறாள். பெரியவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் அவன் திரௌபதியின் கோபத்துக்கு அஞ்சி, 'அவளிடம் நான் என்ன சொல்வது?' என்று சபையைப் பார்த்துக் கேட்கிறான். இவன் பீமனுக்குப் பயப்படுகிறான் என்று சொல்லித் துரியோதனன் துச்சாதனனை அனுப்புகிறான்.

பாரதத்தில் இந்த ஆளுக்கு இதற்குமேல் வேலை இல்லை. ஆனால் அந்தப்புரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் கேள்வியோடு மாறி மாறி நடந்தவன் அவன் ஒருவன்தான், இரண்டு பக்க முகத்தையும் பார்த்தவன். பெரிய ஆட்கள் பார்வையில் எழுதினால் அவர்கள் நியாயத்தைப் பேசவே பக்கங்கள் போய்விடும். இப்படி ஒருவனை எடுத்தால் காட்சி தானாகவே தெளிவாகிவிடும். ஒரு எச்சரிக்கை: இவனைத் தெரிந்தெடுத்தால் இவனுக்குத் தெரியாததை எழுதக் கூடாது. மாய மண்டபச் சிரிப்பைப் பற்றி மேலே சொன்னேனே, அதுபோல ஒவ்வொருவர் சொல்லலிலும் நிகழ்ச்சி கொஞ்சம் மாறட்டும்.

எங்க ஊர்க் கூத்துல வேற மாதிரி சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வேறு. வடமொழிப் பாரதத்தில் அர்ஜுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழ் மரபில் அவன் அரவான். பாண்டவர் வெல்வதற்காகக் களப்பலியாகத் தன்னைக் கொடுக்கிறான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இது வந்துவிட்டது. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, அடுத்த நாள் தாலி அறுத்து அழுகிறார்கள். இதைப் 'பின்னால் சேர்த்தது' என்று ஒதுக்க முடியுமா? எத்தனையோ பேருடைய வாழ்க்கையே இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அதேபோல 'எடுக்கவோ கோக்கவோ' என்ற காட்சி, தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராருடையது. கர்ணன் தனியே கூட இருக்கும்போது துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணி சிதற, சந்தேகமே இல்லாமல் துரியோதனன் அப்படிக் கேட்டதைக் கர்ணன் வாயாலேயே ஒரு பாட்டில் சொல்ல வைக்கிறார். மூலத்தில் இல்லாத இடம், நட்பைக் காட்ட இதைவிடக் கச்சிதமான காட்சி கிடையாது. நம் முன்னோர் எழுத்தாளர்கள் செய்ததும் நீங்கள் செய்ய நினைப்பதும் ஒரே வேலைதான். எந்த மரபிலிருந்து எடுக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் கலந்தால் அரவான் ஒரே கதையில் இரண்டு முறை சாவான்.

போர்க் காட்சி எழுத வரலை. எப்படி எழுதினாலும் ஒரே அம்பு மழையா இருக்கு.

பதினெட்டு அக்குரோணி என்கிறது பாரதம். ஓர் அக்குரோணிக்கு 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். இந்தக் கூட்டத்தை யாராலும் காட்சியாக எழுத முடியாது. பாரதமே சலிப்பூட்டும் இடங்கள் அங்கேதான் இருக்கின்றன. சண்டை நின்ற நேரங்களைப் படியுங்கள்.

பதினான்காம் நாள் இரவும் போர் தொடர்கிறது. இருட்டில் யார் எவர் என்று தெரியாததால் கௌரவர் பக்கம் தேருக்கு ஐந்து விளக்கு, யானைக்கு மூன்று, குதிரைக்கு ஒரு பெரிய விளக்கு என்று ஏற்றுகிறார்கள். அதைப் பார்த்துப் பாண்டவர்கள் யானைக்கு ஏழு, தேருக்குப் பத்து, குதிரைக்கு இரண்டு ஏற்றுகிறார்கள். நள்ளிரவு தாண்டியதும் ஆட்களால் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. நிலா வரும்வரை தூங்குங்கள் என்று அர்ஜுனன் உரக்கச் சொல்கிறான். எதிரிப் படையும் அவனை வாழ்த்திவிட்டு ஆயுதத்தை வைக்கிறது. குதிரை முதுகில், தேர்த்தட்டில், யானைப் பிடரியில், வெறும் தரையில் இரண்டு பக்கமும் தூங்குகிறது. நிலா எழுந்ததும் எல்லாரும் எழுந்து மறுபடி கொல்லத் தொடங்குகிறார்கள். அந்தச் சில நாழிகையை மட்டும் எழுதுங்கள். போர் முழுக்க அதற்குள் வந்துவிடும்.

நடை எப்படி இருக்கணும்? பழந்தமிழ்லயா, பேச்சுத் தமிழ்லயா?

நீங்கள் இயல்பாக எழுதும் தமிழில். 'மன்னா, தங்கள் சித்தம்' பாணி வசனத்தைப் பழைய படங்களில் நிறையக் கேட்டுவிட்டோம். வசனம் குறைவாக, எளிதாக இருக்கட்டும். பெயர்களை மட்டும் ஒரே மாதிரி எழுதுங்கள். அர்ஜுனன் என்றால் கடைசிவரை அர்ஜுனன், அருச்சுனன் என்றால் கடைசிவரை அருச்சுனன். ஒரு முன்னெச்சரிக்கை: பார்த்தன், தனஞ்சயன், விஜயன், கிரீடி என்று மாற்றி மாற்றிப் போட்டால் புதிய வாசகர் நான்கு பேர் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னிக்குக் காலத்துக்கு மாத்தி எழுதலாமா? பங்காளிச் சண்டைதானே?

எழுதலாம். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் ஆளை வைத்து வரிசையாக மாற்றாதீர்கள். அண்ணன் ஐவர், சகுனி மாமா, டெல்லியிலிருந்து வரும் கிருஷ்ணன் என்று வாசகர் கண்டுபிடித்துவிட்டால், பாக்கிக் கதையைச் சரிபார்த்துக்கொண்டே வருவார். படிக்க மாட்டார்.

முடிச்சு ஒன்றை மட்டும் எடுங்கள். ஊசிமுனை குத்துமளவு நிலம்கூடத் தர மாட்டேன் என்று துரியோதனன் சொல்கிறான். நம் ஊரில் பத்திர அலுவலகத்திலும் வரப்பிலும் இதைக் கேட்காதவர் யார்? அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால், மகன் செய்வது தப்பு என்று தெரிந்தும் 'வேண்டாம்' என்று ஒரு தரம் உறுதியாகச் சொல்ல முடியாத அப்பா இருக்கிறார். கதை அவரைப் பற்றியது. அவர் கண் தெரியாதவராக இருக்க வேண்டியதில்லை, பெயரும் ராஜா பெயராக இருக்க வேண்டியதில்லை.

திரௌபதியை இன்னிக்குப் பெண் மாதிரி, கேள்வி கேட்கிறவளா எழுதலாமா?

மூலத்தில் இருக்கிற அளவுக்குக் கேள்வி கேட்க வைத்தாலே போதும். மேலே பிராதிகாமி கொண்டு போன கேள்வியைப் பாருங்கள். தன்னையே தோற்றவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்பதுதான் அதன் சாரம். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லி ஒதுங்குகிறார். பதில் சொல்ல எழுந்தவன் கௌரவர்களில் இளையவன் விகர்ணன், அவனையும் கர்ணன் அதட்டி உட்கார வைக்கிறான்.

பிறகு திருதராஷ்டிரன் வரம் தருகிறான். முதல் வரத்தில் தருமனை விடுவிக்கிறாள், தன் மகன் பிரதிவிந்தியனை யாரும் அடிமை மகன் என்று சொல்லக் கூடாது என்று காரணமும் சொல்கிறாள். இரண்டாவது வரத்தில் மற்ற நால்வரையும் ஆயுதங்களோடு. மூன்றாவதைக் கேள் என்றால், பேராசை தர்மத்தைக் கெடுக்கும், வேண்டாம் என்கிறாள். தனக்கென்று வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. நீங்கள் அவளுக்கு நீளமான வசனம் எழுதி வைத்தால் அவள் சின்னவளாகிவிடுவாள்.

கிருஷ்ணரை மனுஷனா எழுதினா பக்தர்கள் மனசு புண்படாதா?

உங்கள் மனசில் மதிப்பு இருந்தால் அது எழுத்தில் தெரியும். பாரதம் அவரைக் கடவுள் என்றும் சொல்கிறது, கேள்வி கேட்கவும் செய்கிறது. போர் முடிந்தபின் காந்தாரி, நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்று சொல்லி, முப்பத்தாறாம் ஆண்டில் உன் குலமும் இப்படியே அடித்துக்கொண்டு சாகும் என்று சபிக்கிறாள். அவர் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார். அப்படியே நடக்கிறது. மான் என்று நினைத்து ஜரன் என்ற வேடன் விட்ட அம்பில் அவர் உடலை விடுகிறார். மூலமே இவ்வளவு தூரம் போயிருக்கிறது. அதிர்ச்சி கொடுக்கவேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு வரி எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பாத்திரத்துக்குத் தேவையான வரி என்றால் தைரியமாக வையுங்கள்.

காப்புரிமைப் பிரச்சனை வருமா?

வியாசர் பாரதமும் வில்லி பாரதமும் எல்லாருக்கும் பொது. இன்றைய மொழிபெயர்ப்பும் நாவலும் அப்படியல்ல. இந்தியச் சட்டப்படி எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. மொழிபெயர்ப்பின் வாக்கியங்களை அப்படியே எடுக்காதீர்கள். நாவலாசிரியர் ஒருவர் கற்பனையில் சேர்த்த பாத்திரத்தையோ திருப்பத்தையோ மூலத்தில் உள்ளது என்று நினைத்து எடுத்துவிடுகிறவர்கள் பலர். அதனால்தான் எந்தக் காட்சி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியில நீதி சொல்லி முடிக்கணுமா?

பாரதமே அப்படி முடியவில்லை. சொர்க்கத்துக்குப் போன தருமன் அங்கே துரியோதனன் ஒளியோடு வீற்றிருப்பதைப் பார்க்கிறான். தம்பிகள் எங்கே என்று கேட்டால் நாற்றமும் இருட்டுமான ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். திரும்பலாம் என்று நினைக்கும்போது 'கொஞ்ச நேரம் இருங்கள், நீங்கள் இருந்தால் எங்களுக்கு வேதனை தணிகிறது' என்று குரல்கள் கேட்கின்றன. யாரென்று கேட்டால் கர்ணன், பீமன், அர்ஜுனன் என்று பதில் வருகிறது. தேவர்களையும் தர்மத்தையும் அவன் திட்டுகிறான், நான் இங்கேயே இருக்கிறேன் என்கிறான். அதன்பிறகு அது ஒரு சோதனை என்று விளக்கம் வந்தாலும், வாழ்நாள் முழுக்கத் தர்மம் தர்மம் என்றவன் அதைத் திட்டிய இடம் அழியவில்லை. உங்கள் கதையும் பாத்திரம் ஒரு முடிவு எடுக்கும் இடத்தில் நிற்கட்டும்.

எழுத ஆரம்பிச்சுப் பாதியில நின்னுபோச்சு. என்ன செய்றது?

முதலில் மூலக் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். அங்கே இருக்கும் எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள், ஏவலாள்கள் உள்பட. யார் பேசவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். நின்றுபோன கதைகளில் பெரும்பாலானவை, பேசுகிறவர்களையே பின்தொடர்ந்ததால் நின்றவை.

அப்படியும் நகரவில்லை என்றால் காட்சியைச் சின்னதாக்குங்கள். ஸ்திரீ பருவத்தில் போருக்குப் பிறகு தருமன் காந்தாரியை வணங்க வருகிறான். கட்டிய துணியின் இடுக்கு வழியாக அவள் பார்வை அவன் விரல் நுனியில் மட்டும் படுகிறது, அழகாக இருந்த நகம் கெட்டுப்போகிறது. அதைப் பார்த்த அர்ஜுனன் கிருஷ்ணனுக்குப் பின்னால் நகர்ந்துகொள்கிறான். பதினெட்டு நாள் போர் செய்தவன், ஒரு தாயின் பார்வைக்குப் பயந்து இரண்டு அடி நகர்கிறான். நாவலாக நினைத்துத் தொடங்கியதை இந்த அளவுக்கு ஒரு பக்கமாக எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கம் சரியாக வந்தால் மிச்சத்தை எங்கிருந்து தொடர்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வரவில்லை என்றால் எழுதியதை எடுத்துக்கொண்டு வட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.